பெரியம்மா வீட்டுத் தென்னைகள்

"ஆத்தா மதி, ஒங்கம்மாட்டச் சொல்லு. அந்தக் கடைசிப் பாத்தி நாளைக்கித்தான் பதம். இன்னைக்கிக் கைய வைக்க வேணாம்."

'ஒங்கம்மா' மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தாள். இடுப்பில் கட்டிய சேலை மடியில் பாதிக்கு மேல் காக்கரட்டான் பூமொட்டு நிறைந்திருந்தது. கை நிற்காமல் செடியை அளைந்துகொண்டிருக்க, வாய் மட்டும் மகள் பக்கம் திரும்பியது.

"அப்பாட்டச் சொல்லுடி. வெயில் இந்தப் போடு போடுது. சாயந்திரத்துக்குள்ள அம்புட்டும் செடியிலயே வெடிச்சிரும். பூத்ததக் கமிஷன் கடைக்காரன் வாங்க மாட்டான்."

இருவருக்கும் நடுவரிசையில் குனிந்திருந்த இளமதி நிமிர்ந்தாள். இன்னும் பல்கூடத் துலக்கவில்லை. எட்டு மணிப் பஸ்ஸுக்குள் அவள் பங்கு வரிசையை முடித்தாக வேண்டும்.

"அப்பா, சாயந்திரத்துக்குள்ள வெடிச்சிருமாம்."

"சரி, பறிக்கச் சொல்லு."

"அம்மா, பறிக்கச் சொல்றாரு."

கேட்கிற காதுக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும் மகள் வாய் வழியாக வந்து சேர்ந்தால்தான் அது அந்த வீட்டில் சொல்லாகக் கணக்கு. ஐந்து வருஷமாக வெற்றிசெல்வனுக்கும் புவனேஸ்வரிக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. ஒரே வீடு, ஒரே உலை, ஒரே பூந்தோட்டம். அவர் துவைக்கப் போட்ட சட்டையை அவள் துவைப்பாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அவர் கறம்பக்குடி போய் மாத்திரை வாங்கி வந்து இளமதி கையில் கொடுப்பார். போன வாரம் கல்லூரியிலிருந்து அவள் வரத் தாமதமானபோது அப்பா கட்டிக்கிடந்த வெள்ளாட்டைப் பார்த்து, "மோட்டார நிப்பாட்டச் சொல்லு, தண்ணி ரோட்டுக்குப் போவுது" என்றாராம். ஆடு காதை ஆட்டியது. அம்மா போய் மோட்டாரை நிப்பாட்டினாள்.

பக்கத்து வீட்டார் முதலில் சிரித்தார்கள், பிறகு வருத்தப்பட்டார்கள், பிறகு மறந்தும்விட்டார்கள். இளமதியால்தான் மறக்க முடியவில்லை. ஏன் என்பது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

கறம்பக்குடிக்குக் கிழக்கே இருக்கிற அந்தச் செம்மண் ஊரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். இளமதி மூன்றாம் வருஷம் பி.காம். அந்தப் பங்குனியில் கல்லூரியில் பத்து நாள் பயிற்சி ஒன்று வைத்தார்கள். உண்மைக் கதைகளைப் போனிலேயே படமாக்கிச் சொல்லக் கற்றுத் தருவார்களாம். பி.காம். பிள்ளைகளுக்குக் கதை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அட்டென்டன்ஸ் உண்டு, மத்தியானம் பிரிஞ்சி சாதமும் உண்டு என்றால் எதையும் கற்றுக்கொள்ளத் தயாரான பிள்ளைகள்தான் அவர்கள்.

திருச்சியிலிருந்து ஆண்ட்ரூஸ் என்று ஒரு பையன் வந்திருந்தான். இவர்களைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். "சார்" என்று கூப்பிட்டால் கூச்சப்பட்டான். முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டுவிட்டான்: மூன்று நிமிஷம். சொந்தக் குரல். சொந்தப் படம். உங்களுக்கு நடந்த கதை.

"இன்னொண்ணு இருக்கு" என்று ஒரு கத்தை காகிதத்தை எடுத்தான். "இது ஒப்புதல் படிவம். ஒங்க கதையில யாரப் பத்திப் பேசுறீங்களோ, அவங்க கதைய முழுசாப் பாத்துட்டு இதுல கையெழுத்துப் போடணும். போடலன்னா கடைசி நாள் திரையில காட்ட மாட்டோம். அவங்க வாழ்க்கைய அவங்களக் கேக்காம நாம எடுத்துக்கிறக் கூடாதுல்ல?"

மூன்றாம் நாள் எல்லோரும் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, எழுதியதை வாசித்தார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற மார்க் ஷீட்டை மூன்று மாதம் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த கதையை சரவணக்குமார் வாசித்தான். ஆவூரிலிருந்து வருகிற ஷர்லி, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய், முன்பின் தெரியாத ஒருவர் தோளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அப்பாவைத் தேட மறந்து தேரையே பார்த்துக்கொண்டிருந்த கதையை வாசித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இளமதியின் முறை வந்தது.

அவள் எழுதியதன் சுருக்கம் இதுதான். கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு விழுந்தது. அப்பா அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அவர் மனம் உடைந்து வேலையை விட்டு வந்துவிடுவாரோ என்று அம்மா பயந்து, அரிமளத்துப் பக்கம் பெரியம்மா வீட்டுத் தோப்பை வீடியோ எடுத்து, நம் தோப்பு என்று அனுப்பிக்கொண்டிருந்தார். பதினாலு மாதம் கழித்து அப்பா வந்து பார்த்தார். அன்றிலிருந்து அம்மாவோடு பேசுவதில்லை.

வாசித்து முடித்ததும் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். ஆண்ட்ரூஸ் நல்லா இருக்கு என்பதுபோல் தலையாட்டினான். ஷர்லி மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏய் மதி, அந்த வீடியோல எல்லாம் ஒங்கம்மா நடந்து வாராங்கன்னு சொன்னேல்ல?"

"ஆமா."

"அந்நேரம் ஒங்க பெரியம்மா தள்ளி ஒக்காந்து தேங்கா உரிக்கிறாங்க. அவங்களுக்குப் போன் எடுத்துப் பேசவே தெரியாதுன்னு சொல்லிருக்க."

"ஆமா."

"அப்ப போன் யாரு கையில இருந்துச்சு?"

குத்தலாகக் கேட்கவில்லை அவள், புரியாமல்தான் கேட்டாள். இளமதி கையிலிருந்த தாளை நாலாக, எட்டாக மடித்தாள். "திருப்பி எழுதிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஆலங்குடி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் புதிதாக வைத்த தென்னைகள் வந்தன. ஆறு வயதுத் தென்னை, ஏணி வைத்தால் காய் எட்டும். புயலுக்கு முந்தி அந்த ரோட்டில் வெயில் தரையில் விழாது. அவளுக்கு மறுபடியும் அந்தத் தோப்பு கண்ணில் வந்து நின்றது.

நூற்றுப் பதினெட்டு மரம். அவள் பிறப்பதற்கு முன்பே அப்பா குழி வெட்டி வைத்தவை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தோப்புக்குத்தான் முதலில் போவார். ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு: வளைஞ்சவன், எரட்டையன், சோம்பேறி, கிணத்தடியான். கிணறு தூர்ந்து போன பிறகும் அது கிணத்தடியான்தான். மத்தியானம் மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தால், மட்டை அசைய அசைய முகத்தில் வெயிலும் நிழலும் மாறி மாறி ஓடும். அவர் வயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் சிங்கப்பூர்ச் சாக்லேட் தின்பாள். அக்கரைக்குப் போனபின் போன் பேசினாலும் முதல் கேள்வி தோப்பைப் பற்றித்தான்.

"மொதப் பொண்டாட்டி சௌக்கியமான்னு கேக்குறாரு, பதில் சொல்லுடி" என்று அம்மா கேலி செய்து போனை மகளிடம் நீட்டுவாள். அந்தக் காலத்தில் அது கேலிதான்.

2018 ஐப்பசிக் கடைசியில் புயல் வந்து போய், விடிந்து பார்த்தபோது நாலு மரம் நின்றது. நாலுக்கும் தலையில்லை. மீதி நூற்றுப் பதினாலும் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துக் கிடந்தன. வீட்டு ஓடும் பறந்திருந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூட லாரியில் வந்தால்தான். ஆறாம் நாள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு அரிமளத்துப் பக்கம் இருந்த பெரியம்மா பிரகதாம்பாள் வீட்டுக்குப் போனாள். அங்கேயும் மரங்கள் விழாமலில்லை. ஆனால் போர் செட்டைச் சுற்றி முப்பது முப்பத்தைந்து தென்னை ஒன்றும் ஆகாமல் நின்றது.

போனுக்கு சார்ஜ் ஏறியதும் அப்பாவின் வீடியோ கால் வந்தது. அம்மா தண்ணீர்த் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இளமதிதான் எடுத்தாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது.

திரையில் அப்பாவை அடையாளமே தெரியவில்லை. தாடி மண்டியிருந்தது. பின்னால் அடுக்குக் கட்டில்களில் ஈரத் துணி தொங்கியது.

"ஆத்தா! நல்லாருக்கியா? அம்மா எங்க?"

"துணி அலசுறாங்கப்பா. நல்லாருக்கோம்."

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லையே?"

"இல்லப்பா. ஓடு மட்டும் பறந்திருச்சு."

"ஓடு கெடக்கு, மாத்திக்கலாம்." முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். "தோப்பு?"

அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லன்னா சொல்லிரு ஆத்தா. நா கெளம்பி வந்துர்றேன். இருவது வருசமா எதுக்காவ இங்க கெடக்குறேன்? அதே போச்சுன்னா, இனி எனக்கு இங்க என்ன வேல, எங்கயும் என்ன வேல?"

அந்தக் கடைசி வார்த்தைதான் பிள்ளையைப் பயமுறுத்திவிட்டது. புயலுக்குப் பிறகு தோப்பைப் பார்த்துவிட்டு மருந்தைக் குடித்தவர்கள் பற்றி ஊரில் பேசிக்கொண்டதை அவள் கேட்டிருந்தாள். யோசிக்கவில்லை. போனை அப்படியே திருப்பி, தலைக்கு மேலே நின்ற மரங்களைக் காட்டினாள்.

"பாருங்கப்பா. நிக்கிது."

போனுக்குள்ளிருந்து அப்பா அழுகிற சத்தம் வந்தது. "என் சாமி, என் சாமி" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஈரக்கையோடு ஓர் அறை வைத்தாள். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்புட்டாராமா?" என்று கேட்டாள்.

"ஆறு நாளாச் சரியாச் சாப்புடலையாம். இப்பப் போயிச் சாப்புடுறேன்னாரு."

"சரி. மனுசன் ரெண்டு வாய் திங்கட்டும். பொங்கலுக்குள்ள பக்குவமாச் சொல்லிக்கலாம்."

பொங்கல் வந்தது. சித்திரை வந்தது. சொல்லவில்லை. அப்பாவுக்குத் தோப்பைப் பார்க்காமல் இருக்க முடியாது. மாதம் இரண்டு ஞாயிறு அம்மாவும் மகளும் இரண்டு பஸ் மாறி அரிமளத்துக்குப் போனார்கள். சும்மா போனால் போதாது. அப்பாவுக்குத் தெரிந்த பச்சைக் குடம், அப்பாவின் மண்வெட்டி, அவர் வாங்கித் தந்த மாம்பழக் கலர் சேலை, எல்லாம் கூடவே போயின. "என்னம்மா, மண்வெட்டியோட விருந்துக்குப் போறீங்க?" என்று கண்டக்டர் கேட்டார். "எங்கக்கா வீட்டுல வேல செஞ்சாத்தான் சோறு" என்றாள் அம்மா.

பெரியம்மாவுக்கு இது சினிமா மாதிரி. "ஏன்டி, நானும் ஒரு ஓரமா வாரேன்டி" என்று கெஞ்சுவாள். ஒருநாள் கோழிக் கூடையைத் தூக்கிக்கொண்டு தானாகவே ஊடே வந்துவிட்டாள். "அக்கா ஊர்லேருந்து வந்துருக்கு" என்று அம்மா சமாளித்தாள். வளைஞ்சவனைக் காட்டு என்று அப்பா கேட்டால், வெளிச்சம் போயிருச்சு என்பார்கள். அரிமளத்து மண்ணும் சிவப்பாக இருந்தது வசதியாகப் போயிற்று. பெரியம்மா வீட்டுப் போர் செட் தெரியக் கூடாதென்று இளமதி தரையோடு தரையாகக் குந்தி, குருத்து மட்டும் வானத்தில் தெரிகிற மாதிரி எடுப்பாள். இத்தனை வருஷம் கழித்து ஆண்ட்ரூஸ் போர்டில் படம் போட்டு, "இதுக்குப் பேரு லோ ஆங்கிள்" என்று விளக்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எடுத்து முடித்ததும் தொட்டித் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு பெரியம்மா வைத்த கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பில் சோறு பிசைந்து சாப்பிடுவார்கள். எடுத்ததைப் போட்டுப் பார்த்து மூன்று பேரும் சிரிப்பார்கள். சிரித்துச் சிரித்து அம்மாவுக்குப் புரை ஏறும். அம்மா அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் இளமதி பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்பினால் விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்துகிற வேலை, கன்று வைக்கிற வேலை, பூச்செடிக்குப் பாத்தி கட்டுகிற வேலை என்று அம்மாவின் உள்ளங்கை தோலுரிந்து கிடந்தது. அரிமளத்து ஞாயிறுகளில் மட்டும் அவர்களுக்கு ஒரு தோப்பு இருந்தது. பொய் என்று தெரிந்தும் அந்த ஞாயிறுகளுக்காக அவள் இன்றைக்கும் ஏங்குகிறாள். இதை யாரிடம் சொல்ல முடியும்?

2020 தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். வழக்கம்போல நேராகத் தோப்புக்குப் போய்விட்டார். அம்மாவும் அவளும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, முழங்கால் உயரத் தென்னங்கன்றுகளுக்கும் பூம்பாத்திக்கும் நடுவில், தோளில் பையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு யோசன இது?" என்று கேட்டார்.

இளமதி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"என் யோசனதான். நாந்தான் காட்டச் சொன்னேன்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. புருஷன் பெண்சாதி இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுவே கடைசி. சிங்கப்பூருக்குத் திரும்பப் போனவர் மகளுக்கு மட்டும் போன் செய்தார். இரண்டு வருஷம் முன்பு வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக வந்தபிறகு, வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு மகள் வழியாகப் பேசினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் அழுதபோதெல்லாம் அம்மா ஒரே வார்த்தையில் அடைத்துவிடுவாள். "வாய மூடு. முடிஞ்சு போச்சு."

முடிந்து போகவில்லை என்று இளமதிக்குத் தினம் காலையில் பூப்பறிக்கும்போது தெரிந்தது.

கறம்பக்குடியில் ஒரு செல்போன் கடையில் கொடுத்து, திரை உடைந்து கிடந்த பழைய போனிலிருந்து வீடியோக்களை எடுத்தாள். நாற்பத்தொன்று இருந்தன. கதையைத் திருப்பி எழுதினாள். குரல் பதிவுக்குச் சத்தமில்லாத இடம் வேண்டும் என்றான் ஆண்ட்ரூஸ். வீட்டில் எங்கே போவது? மோட்டார் ஓடும், ஆடு கத்தும், மத்தியானம் முழுக்க மயில் அகவும். கதவைச் சாத்தி, கம்பளியால் தலையோடு மூடிக்கொண்டு, பங்குனி வெயிலில் வேர்த்து ஊற்ற ஊற்ற ஒன்பது தடவை பேசினாள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் குரல் கம்மியது. ஒன்பதாவதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"இதக் காட்டுனா வீட்டுல என்ன நடக்கும்?" என்று ஷர்லி கேட்டாள்.

"தெரியல. அப்பா எங்கிட்டயும் பேசாம விட்டுருவாரு. அப்ப அந்த வீட்டுல யாருமே யார்கிட்டயும் பேச மாட்டோம்."

"வேணாம்னா விட்டுரு மதி. வேற கதையா இல்ல?"

"இருக்கு. ஆனா இதுதான் நெசம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூவைக் கீரமங்கலம் கமிஷன் கடைக்கு அனுப்பியாயிற்று. வேப்பமரத்தடியில் அப்பா சொட்டுநீர்க் குழாயின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அம்மா அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே உலை கொதித்து, வடித்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. இளமதி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டு, அதன்மேல் சொம்பை வைத்து, சொம்பில் போனைச் சாய்த்தாள். பக்கத்தில் படிவத்தையும் பேனாவையும் வைத்தாள்.

"காலேஜில படம் எடுத்துருக்கேன். ரெண்டு பேரும் பாத்துட்டு இதுல கையெழுத்துப் போடணும். மூணு நிமிசந்தான்."

"ஒங்கம்மாவப் போடச் சொல்லு. அப்பறம் நா போடுறேன்."

"ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்ப்பா."

இரண்டு பக்கத்திலிருந்தும் கழுத்தை மட்டும் நீட்டினார்கள்.

மாம்பழக் கலர் சேலையில் அம்மா தென்னைகளுக்கு ஊடே பச்சைக் குடத்தோடு நடந்து வந்தாள். அப்பாவின் கையிலிருந்து குழாய் நழுவியது. அவர் தன் போனிலிருந்து அந்த வீடியோக்களை, தோப்பு இல்லாததைப் பார்த்த அன்றைக்கே அழித்திருந்தார். மேலே குருத்துகள் ஆடின. இளமதியின் குரல் வந்தது.

"இந்தப் படத்துல எங்கம்மா இருக்காங்க. எங்க பெரியம்மா இருக்காங்க. போன் என் கையில இருந்துச்சு. மொத நாள் எங்கப்பா தோப்பு இருக்கான்னு கேட்டப்ப அம்மா பக்கத்துல இல்ல. நாந்தான் போனத் திருப்புனேன். யாரும் சொல்லல. எங்கப்பா செத்துருவாருன்னு நெனச்சேன். அம்மா என்ன அடிச்சாங்க. அப்பறம் எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாங்க. அஞ்சு வருசமா நா சொல்லல…"

அந்த இடத்தில் குரல் கம்மியது. கோழிக் கூடையோடு பெரியம்மா குறுக்கே வந்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படம் முடிந்துவிட்டது.

மயில் ஒன்று எங்கேயோ அகவியது. அம்மாதான் முதலில் எழுந்தாள். அரிவாள்மனை சரிந்து கத்தரிக்காய் உருண்டது.

"யாரக் கேட்டுடி இதச் சொன்ன? என்னக் கேட்டியா? எம்புட்டு நாளா இதக் கட்டிக் காத்தேன், மூணு நிமிசத்துல போட்டு ஒடச்சிட்டியேடி!" என்று முதுகில் இரண்டு அடி போட்டாள்.

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"நீ ஏன் சொல்லல?"

இளமதி, "பயந்துட்டேம்ப்பா" என்றாள்.

"ஒன்னக் கேக்கல."

அம்மா பழக்க தோஷத்தில் மகள் பக்கம் திரும்பினாள். "என்னைக்காச்சும் ஒரு நாள் அவரு எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டாரான்னு கேளுடி."

"அவகிட்ட என்ன சொல்லிக்கிட்டு? கேக்குறது நானு. எனக்குச் சொல்லு."

அம்மா நின்றுவிட்டாள். பிறகு மகளை விட்டு அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"என்னத்தச் சொல்ல ஒங்ககிட்ட? அன்னைக்கி அவ பேரச் சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அவகிட்டயும் பேசாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பீங்க. அவ சின்னப் புள்ள, தாங்குவாளா? நா தாங்கிக்குவேன், அதான் நாந்தான்னு சொன்னேன்."

"பெத்த புள்ளகிட்டப் பேசாம இருப்பனாடி நானு?"

"கட்டுன பொண்டாட்டிகிட்ட இருந்தீங்கள்ல?"

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"நீ பேசுவ. ஒனக்கென்ன தெரியும் அங்க நா பட்டது? நம்மூரு நல்லதம்பி எனக்கு மேல் கட்டுல். அவன் தோப்புல ஒரு மரம் நிக்கல, அழுதுகிட்டுக் கெடந்தான். நான் இந்த வீடியோவக் காட்டி ஆறுதல் சொன்னேன்டி. என் மரத்துல காய் எடுத்து ஒனக்கு நாத்து விட்டுத் தாரேன்டா, அழாதடான்னேன். அம்புட்டும் தெரிஞ்சுக்கிட்டே சரிண்ணே, சரிண்ணேன்னு தலைய ஆட்டிருக்கான். அவனுக்குத் தெரியும், ரூமுக்கே தெரியும். நா ஒருத்தன்தான் கோமாளி. ஒருத்தர் தோப்பக் காட்டி எந்தோப்பு எந்தோப்புன்னு…" புறங்கையால் முகத்தைத் துடைத்தார். "மரம் போனது வலிக்கலடி எனக்கு. அதுதான் வலிச்சிச்சு."

"அவரு பொண்டாட்டிகிட்ட நாந்தான் போயிக் கெஞ்சிச் சொல்லிட்டு வந்தேன், வாயத் தொறக்க வேணாம்னு. ஒங்கள உசுரோட வச்சிக்கணும்னு ஊரு பூரா காலப் பிடிச்சேன். இங்க நூத்திப் பதினாலு மரத்த ஒத்தப் பொம்பளையா நின்னு அறுத்து எடுத்தேனே, அது ஒங்களுக்கு வலிச்சிச்சா? எங்கையப் பாத்தீங்களா ஒரு நாளு? இந்தக் கன்னு அம்புட்டும் யாரு வச்சது? வளைஞ்சவன் நின்ன எடத்துலயே ஒண்ணு வச்சேனே, கேட்டீங்களா?"

"எங்க வச்ச? அந்த மூலைலயா? அது மேடுடி! அங்க தண்ணி ஏறாது. அதான் அது வளராமக் குத்துக்காலிட்டுக் கெடக்கு. வந்த நாள்லேருந்து பாக்குறேன்."

"பாத்தீங்கள்ல, சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ கேட்டியா?"

சண்டை அங்கிருந்து குழாய்க்குப் போனது, குழாயிலிருந்து போர் செட்டுக்கு, அங்கிருந்து எந்த வருஷமோ நடந்த ஒரு காதுகுத்துக்கு. ஐந்து வருஷம் சொல்லாமல் சேர்த்துவைத்தது அவ்வளவும் வந்தது. அம்மா அழுதுகொண்டே கத்தினாள், அப்பா கத்திக்கொண்டே அழுதார். பக்கத்து வேலியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. என்னமோ ஏதோ என்று பார்த்தவர்கள், இருவரும் பேசிக்கொள்வதைப் பார்த்துத் திகைத்து அப்படியே நின்றார்கள்.

அம்மா எதையோ சொல்ல, அப்பா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு எகிற, இளமதி வழக்கம்போல இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அப்பா, அம்மா என்ன சொல்றாங்கன்னா…"

"என்ன சொல்றான்னு எனக்குக் காது கேக்காதா?" என்றார் அப்பா.

"நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல?" என்றாள் அம்மா. "ஊடால வந்து நிக்கிறா பாரு. போடி, போயிச் சோத்தப் போட்டுத் தின்னு."

அவள் உள்ளே போனாள். தட்டை எடுத்து, ஆறிப்போன சோற்றைப் போட்டுக்கொண்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். குழம்பு இன்னும் வைக்கவில்லை. மோரை ஊற்றிப் பிசைந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. வெளியே இரண்டு குரலும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. அவள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை.